ராணி செத்ததும் கழுதை ஏறியவள்

பேர் வைத்தவன் போய்ச் சேர்ந்துவிடுவான். சுமக்கிறவள்தான் சாகும்வரை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கவெண்ட்ரி நகரத்து ஸ்பான் தெருவில் ஷார்லட் டான்ஸ்லி என்று ஒருத்தி இருந்தாள். பட்டு ரிப்பன் நெய்கிறவள். ஜெர்மானியச் சீமையிலிருந்து ஒரு பதினேழு வயதுப் பெண்ணைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, லண்டனில் கால் வைத்த அன்றைக்கே ஜார்ஜ் ராஜாவுக்குக் கட்டிவைத்து, இரண்டு வாரத்தில் கிரீடத்தையும் சூட்டினார்களே, அந்த முடிசூட்டுக்கு ஊர் மணியெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தபோது பிறந்தவள். ஊரில் ஓசியாக ஊற்றிய பீரை அவள் அப்பா மூக்குமுட்டக் குடித்துவிட்டு, "என் பொண்ணும் ராணிதான்டா" என்று ராணியின் பேரையே வைத்துவிட்டார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். இது போகவில்லை. அன்றிலிருந்து தெருவுக்கே அவள் மகாராணி. தண்ணீர் பம்புக்குப் போனால், "மகாராணி வர்றாங்க, ஒதுங்குங்கடி!" பீர்க்கடைக்குப் போனால், "மகாராணிக்குத் தங்கக் குவளை எடுப்பா!"

அவளும் சும்மா விடுகிறவள் இல்லை. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பாள்.

ஆனால் ராணியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். காரணம் இருந்தது. பெரிய இடத்துப் பெண்கள் உடுப்பிலும் தொப்பியிலும் ரிப்பன் வைத்தால்தான் ஸ்பான் தெருவில் அடுப்பு எரியும். அவர்கள் ராணியைப் பார்த்து வைப்பார்கள். ராணிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் நாடே தொப்பியில் ரிப்பன் சூடும். அதனால் அரண்மனையில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது அந்தத் தெருவில் தறிக்காரர்களுக்குத் தெரிந்த மாதிரி மருத்துவச்சிக்குக்கூடத் தெரியாது. "ராணிக்கு மறுபடி வயித்துலயாம்!" என்று சேதி வந்தால் போதும், கடைக்காரன் கடனுக்கு மாவு கொடுப்பான். மகராசி பதினைந்து பெற்றாள். பதினைந்துக்கும் அந்தத் தெரு நெய்தது. கடைசிச் சில பிள்ளைகளுக்கு ஷார்லட்டும் நெய்தாள்.

ஷார்லட்டும் எட்டுப் பெற்றாள். அதில் ஏழு பிள்ளைகளைப் புதைத்தாள், புருஷனையும் புதைத்தாள். அதற்கெல்லாம் நாட்டில் ஒருவரும் தொப்பியை எடுக்கவில்லை. மிஞ்சினது கெசியா என்ற ஒரே மகள்.

ஒரு தரம் பீர்க்கடையில் ஈனோக் ஸ்டர்மி வாயை விட்டான். ஈனோக் பெரிய தறி ஓட்டுகிறவன், தெருவுக்கு நாட்டாமை மாதிரி. "ராணி மூஞ்சியைப் பாத்தியா, படத்துல? பொடி போட்டுப் போட்டு மூக்கு ரெண்டாப் பிளந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தான். ஷார்லட் எழுந்து போய் அவன் குவளையை எடுத்து அவன் தலையிலேயே கவிழ்த்தாள். "புருஷனுக்குப் புத்தி பேதலிச்சுக் கிடக்கு. அத்தனை பிள்ளைகளையும் வெச்சுக்கிட்டு அந்தப் பொம்பளை என்ன பாடு படறாளோ! மூக்கைப் பத்திப் பேச வந்துட்டான், மூஞ்சியைப் பாரு!" என்றாள். அப்படி ஒரு பாசம். பார்த்ததில்லை, பேசினதில்லை. நம் வயிற்றுக்குச் சோறு போடுகிறவள் நம் சொந்தம் என்று நினைக்கிற பைத்தியக்காரத்தனம் ஏழைகளுக்கு மட்டும்தான் உண்டு.

அந்த ராணி ஒரு நவம்பர் மாசம் செத்துப்போனாள்.

அதற்கு முந்தின வருஷம்தான் ராணியின் பேத்தியான இளவரசி பிரசவத்தில் செத்துப்போய், நாடே கறுப்புக் கட்டி, தெரு பாதிப் பட்டினி கிடந்தது. இந்த வருஷம் ராஜகுமாரர்களுக்கு வரிசையாகக் கல்யாணம் வந்து, இப்போதுதான் வர்ண ரிப்பனுக்கு ஆர்டர் வர ஆரம்பித்திருந்தது. ஷார்லட்டின் தறியில் செர்ரிப் பழச் சிவப்பு ஏறியிருந்தது. பாதி நெய்தாகிவிட்டது. மணி அடித்தது. கல்யாண மணி என்று நினைத்து எட்டிப் பார்த்தவளுக்கு, விட்டு விட்டு ஒற்றையாக அடிக்கிற சாவு மணி என்று புரிய நேரமாகவில்லை.

மறுநாளே அரண்மனையிலிருந்து உத்தரவு. பெண்கள் கறுப்பு உடுத்த வேண்டும், கறுப்புக் கையுறை, கறுப்புச் செருப்பு, விசிறிகூடக் கறுப்பு. வர்ணம் கூடாது. எத்தனை நாளைக்கு என்று அவர்கள் சொன்னால்தான் உண்டு.

பிராட்னாக் முதலாளியின் கிடங்கில் நெசவுக்காரிகள் கூடி நின்றார்கள். அவன்தான் அந்தத் தெருவுக்குப் பட்டு கொடுத்து ரிப்பன் வாங்குகிறவன். தொப்பியில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை சுற்றியிருந்தான். சொந்த அம்மா செத்தபோது அதில் பாதி அகலம்கூடக் கட்டாத ஆள்.

"தறியில இருக்கற சிவப்பை அறுத்துடு" என்றான் ஷார்லட்டிடம். "மிச்சப் பட்டு நூலைக் கொண்டுவந்து குடு."

"பாதி நெய்ஞ்சிருக்கேன் முதலாளி. நெய்ஞ்ச வரைக்கும் கூலி?"

"முழுசா வந்தாத்தான் அது ரிப்பன். பாதிக்கு எவன் குடுப்பான்? நாடே துக்கத்துல இருக்கு, நீ கூலியைப் பத்திப் பேசறே. உனக்கு அவங்க பேரு வேற. வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா வயிறு ரொம்புமா? சரி, கறுப்பாவது குடுங்க."

"தரேன். எவ்வளவு வேணும்னாலும் தரேன். ஆனா ஊர்க் கூலி கிடையாது. மூணுல ரெண்டு பங்குதான்."

ஊர்க் கூலி என்பது முதலாளிகளும் நெசவுக்காரர்களும் உட்கார்ந்து பேசி, கைகொடுத்து ஒத்துக்கொண்ட கூலி. அதற்குக் கீழே ஒருவன் கொடுக்கவும் கூடாது, ஒருத்தி வாங்கவும் கூடாது.

"அது எப்படி முதலாளி? பேசினது பேசினதுதானே?"

"கறுப்புல பூ இல்ல, கரை இல்ல. குருடிகூட நெய்வா. வேணாம்னா போ. பின்னாடி நிக்கறவங்க வயித்தைக் கேட்டுப் பாரு."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்! ராணி செத்த துக்கத்தில் மற்றவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டான். ஷார்லட் அவன் காலடியில் துப்பிவிட்டு வெளியே வந்தாள். மற்றவர்களும் வெறுங்கையோடு பின்னாலேயே வந்தார்கள்.

பம்படியில் பக்கத்து வீட்டு டைனா பிடித்துக்கொண்டாள். டைனாவுக்கு இழவு வீட்டிலும் கேலி வேண்டும்.

"என்ன மகாராணி, உங்க அக்கா போய்ட்டாங்களாமே. அடக்கத்துக்கு உங்களுக்கு வண்டி அனுப்பலையா?"

அன்றைக்கு ஷார்லட் வெடித்தாள். வாளியைத் தூக்கித் தரையில் அடித்தாள். "அக்காவாம், அக்கா! பிறந்த நாள்ல இருந்து அவளுக்காகச் சண்டை போட்டேன். அவ பெத்தப்பல்லாம் எனக்கு இடுப்பு வலிச்சுது. என்ன பண்ணினா தெரியுமாடி? உயிரோட இருந்தப்ப ஒரு கவளம் குடுத்தா, செத்தப்ப தட்டையே பிடுங்கிட்டுப் போய்ட்டா! ஒருத்தி சாகறதுக்கு ஏன் ஒரு ஊரே சாகணும்? அவ நாற்காலியில உக்காந்தபடி செத்தாளாம். நாம நின்னுக்கிட்டே சாகணுமா?"

"மெதுவாப் பேசு அக்கா. காவக்காரன் காதுல விழுந்தா..."

"விழட்டும். எல்லாரும் கேளுங்கடி. பிராட்னாக் மூணுல ரெண்டு பங்குக்குக் கறுப்பு குடுக்கறான். எவ அதை வாங்கறாளோ, அவ நம்ம எல்லார் கழுத்தையும் அறுக்கறா. அவளைக் கழுதையில ஏத்துங்க. கயிறை நானே பிடிக்கிறேன்!"

அந்தத் தெருவுக்குத் தனிக் கோர்ட்டு கிடையாது. கழுதைதான். ஊர்க் கூலிக்குக் கீழே நெய்தவர் அகப்பட்டால், கரி விற்கிற ஜாபெஸின் கழுதையில் வால் பக்கம் பார்த்து உட்காரவைத்து, தகரம் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். சேறு, அழுகின முட்டைக்கோசு, கையில் கிடைத்ததெல்லாம் பறக்கும். அதுகூடப் பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம். இறங்கின பிறகுதான் இருக்கிறது. அப்புறம் அந்த வீட்டோடு யாரும் பேச மாட்டார்கள். பம்பில் இடம் விட மாட்டார்கள். அடுப்பு அணைந்தால் ஒரு துண்டு நெருப்பு தர மாட்டார்கள். வீட்டில் நோயாளி இருந்தால் அவன் பாடு அதோகதி.

ஷார்லட்டின் மகள் கெசியாவின் வீட்டில் நோயாளி இருந்தான். புருஷன் அமோஸ். நல்ல நெசவுக்காரன். நெஞ்சில் சளி கட்டி, இலையுதிர் காலத்திலிருந்து படுக்கைதான். இரண்டு சின்னப் பிள்ளைகள். பட்டினியானாலும் கூசாமல் சிரிக்கிற மருமகன். மாமியாரைப் பார்த்ததும், "வாங்க மகாராணி, சிம்மாசனத்துல உக்காருங்க" என்று கட்டில் ஓரத்தைக் காட்டுவான். அவனிடம் மட்டும் அந்தப் பேருக்குக் கோபம் வராது அவளுக்கு.

ராணியின் அடக்கத்துக்கு முந்தின நாள் ஷார்லட் நாலு உருளைக்கிழங்கைத் துணியில் முடிந்துகொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். உள்ளே மாட்டெலும்பு சூப்பு கொதிக்கிற வாசனை. இந்த வீட்டுக்கு எலும்பு எங்கிருந்து வந்தது? கெசியா கிழங்கை வாங்கக் கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. பிராட்னாக் அவசரத்தில் போட்ட மட்டமான சாயம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஷார்லட் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மூலைக்குப் போய், தறிமேல் மூடியிருந்த போர்வையை இழுத்தாள். கறுப்பு. சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தறியின் கட்டைகளுக்கெல்லாம் கந்தல் சுற்றியிருந்தது.

"அடிப் பாவி மகளே!"

"கத்தாதே அம்மா. அவர் தூங்கறாரு."

"எத்தனை நாளா?"

"இந்த ஒரு துண்டுதான். முன்பணம் வாங்கிட்டேன். நாளைக்குக் காலையில குடுத்துடுவேன்."

"ஊருக்கே கழுதை வரும்னு நான் கத்திக்கிட்டு இருக்கேன். எம் பொண்ணு தறிக்குக் கந்தல் சுத்திக்கிட்டு இருக்கா! என் மூஞ்சியை எங்கடி வெச்சுக்கறது?"

கெசியா அம்மாவுக்குப் பிறந்தவள்தானே. குரலைத் தாழ்த்திக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். "உன் மூஞ்சியை எங்க வேணா வெச்சுக்கோ. எனக்கு எம் புருஷன் முக்கியம். வைத்தியர் சூப்பு குடுன்னாரு. ஊர்க் கூலி சூப்பு காய்ச்சுமா? நான் நிறுத்திடறேன், நீ ஊத்துவியா? உன்கிட்ட என்ன இருக்கு? நாலு கிழங்கு!"

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலி. ஷார்லட் கட்டிலைப் பார்த்தாள். அமோஸ் கண்ணை மூடியிருந்தான். ஆனால் தூங்கவில்லை என்பது இமை துடித்ததில் தெரிந்தது.

"முடிச்சுக் குடுத்துடு" என்றாள் கடைசியில். "இதோட சரி. ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது."

ஸ்பான் தெருவில் ஒரு குஞ்சுக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை. மறுநாள் ராணியின் அடக்கம். கடையெல்லாம் அடைத்திருந்தது. செயின்ட் மைக்கேல் கோவில் மணி ஒற்றையாக அடித்துக்கொண்டே இருந்தது. தெருவில் ஆட்டம் பாட்டம் சத்தம் கூடாது என்று உத்தரவு. பிராட்னாக் மட்டும் கிடங்கின் பின்கதவைத் திறந்து வைத்துக் கறுப்பு வாங்கிக்கொண்டிருந்தான். துக்கத்துக்கு விடுமுறை உண்டு, துக்க வியாபாரத்துக்கு ஏது? கெசியா மூட்டையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் திரும்பினபோது, ஈனோக் எதிரே நின்றான். பக்கத்தில் தகரத் தட்டோடு டைனா. கழுதையோடு ஜாபெஸ். பின்னால் தெருவே.

சேதி காதில் விழுந்து ஷார்லட் ஓடி வந்தாள். முட்டி வலிக்கிற பொம்பளை எப்படி ஓடினாளோ! கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனபோது, ஈனோக் கெசியாவின் தோளைப் பிடித்திருந்தான்.

"கையை எடுடா!" மகளிடமிருந்து மூட்டையைப் பிடுங்கித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது என்னோடது."

"அக்கா, பொய் சொல்லாதே" என்றான் ஈனோக். "கெசியா சால்வைக்குள்ள இருந்து எடுத்ததை நாங்க பாத்தோம்."

"என் மூட்டையை எம் பொண்ணு சுமந்தா. எனக்கு முட்டி வலின்னு உனக்குத் தெரியாதா? நெய்ஞ்சது நான். வாங்கினது நான். மூணுல ரெண்டு பங்குக்கு."

டைனா தகரத்தை ஓங்கித் தட்டினாள். "ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையா மகாராணி? கயிறை நானே பிடிக்கிறேன்னு குதிச்சியே!"

"நீயே பிடிச்சுக்கோ. வாயை மூடிட்டு முதல்ல என்னைத் தூக்கி விடுடி, கால் எட்டலை."

கெசியா வாயைத் திறந்தாள். "அம்மா, அது..." ஷார்லட் அவள் பாதத்தைத் தன் மரச்செருப்பால் அழுத்தி மிதித்தாள். "வீட்டுக்குப் போ. அடுப்பு எரியுது, பாரு." கெசியா அசையாமல் நின்றாள். அவள் போகவில்லை என்றால் என்ன, வாயை மூடிக்கொண்டாள், அது போதும்.

அது பொய் என்று ஈனோக்குக்குத் தெரியும். ஷார்லட்டின் தறியில் பாதிச் சிவப்பு இன்னும் அறுபடாமல் கிடப்பது தெருவுக்கே தெரியும். ஆனால் மூட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் ஏற வேண்டும், அதுதான் வழக்கம். ஏற்றிவிட்டார்கள். அழுத்தி உட்கார்ந்து கழுதையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். தகரங்கள் முழங்கின. முதல் சேறு தோளில் விழுந்தது, இரண்டாவது காதில்.

"குறி பாத்து அடிங்கடா, சோத்துக்கில்லாத பயலுகளா!" என்று கத்தினாள். "பலமாத் தட்டுங்க! லண்டன்ல பெட்டிக்குள்ள கிடக்கறவளுக்குக் கேக்கட்டும்! எங்களைப் பாரும்மா, உனக்கு நாங்க எடுக்கற ஊர்வலத்தைப் பாரு!" கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, அத்தனை ஆத்திரம். பெட்டியில் கிடக்கிறவள் மேல் ஆத்திரம், பிராட்னாக் மேல் ஆத்திரம், எலும்பு வாங்க வக்கில்லாத தன் மேல் எல்லாவற்றையும் விட ஆத்திரம். அந்தப் பெட்டிக்காரிக்கும்தான் என்ன வாழ்ந்தது? பதினேழு வயதில் முகம் தெரியாதவனுக்குக் கழுத்தை நீட்டி, வருஷம் தவறாமல் பெற்றுப்போட்டு, கடைசியில் பைத்தியத்தைக் காவல் காத்துச் செத்தாள். அவளுக்குத் துக்கம் கொண்டாடச் சொன்னவர்கள், அவள் உயிரோடு இருந்தபோது அவள் துக்கத்தை ஒரு நாள் கேட்டிருப்பார்களா?

வால் பக்கம் பார்த்து உட்கார்ந்தவளுக்கு ஒரு வசதி உண்டு. துரத்தி வருகிறவர்களின் முகம் நேருக்கு நேர் தெரியும். ஷார்லட் பார்த்தாள். ஒட்டின கன்னங்கள். உதடு வெடித்த பிள்ளைகள். அப்புறம் தகரம் தட்டுகிற கைகளைப் பார்த்தாள். மணிக்கூண்டு முனை திரும்புகிறபோது, சட்டென்று கையை நீட்டினாள்.

"டைனா! நிறுத்துடி. உன் கையைக் காட்டு."

டைனாவின் தட்டு நின்றது. கையை மடியில் ஒளித்தாள்.

"காட்டுடின்னா! விரலைக் காட்டு. நீ என்ன கரியா அள்றே, ஜாபெஸ் மாதிரி?"

பக்கத்தில் நின்ற பெண் டைனாவின் கையை இழுத்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. இழுத்தவளுடைய விரலும் கறுப்புத்தான். ஒவ்வொருத்தியாகக் கையைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஈனோக் வீட்டுக்காரி தலையைக் குனிந்தாள். ஈனோக் அதைப் பார்த்துவிட்டு, கழுதையை ஓட்ட ஓங்கின தடியைக் கீழே போட்டான். தெருவில் பாதித் தறிக்குக் கந்தல் சுற்றியிருக்கிறது! ஒருத்தியைக் கழுதையில் ஏற்றிவிட்டால் மற்றவளுடைய கை வெளுத்துவிடும் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கழுதை மேலிருந்தே ஷார்லட் பேசினாள். கத்தவில்லை.

"தூ! வெக்கம் கெட்டவளுகளா. நானும்தான். சரி, கேளுங்க. பிராட்னாக் ஏன் அடக்கத்தன்னைக்குப் பின்கதவைத் திறந்து வெச்சிருக்கான்? யோசிச்சீங்களா? துக்கம் முடியற அன்னைக்கு அவன் கறுப்பை நாய்கூட மோந்து பாக்காது. இன்னும் கொஞ்ச நாளைக்குள்ள நெய்ஞ்சு வித்தாகணும். அவசரம் அவனுக்கு. நாமதான் அவசரம் நமக்குன்னு நினைச்சுக்கிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு நெய்யறோம். இன்னைக்கு எல்லாத் தறியும் நிக்கட்டும். ஒண்ணு விடாம. அவன் தன்னால ஊர்க் கூலிக்கு வருவான்."

"அதுவரைக்கும் எதைத் தின்றது அக்கா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இப்ப என்ன விருந்தா தின்னுக்கிட்டு இருக்கோம்? இருக்கறதைப் பங்கு போட்டுத் தின்னுங்க."

அவள் கண் கூட்டத்தில் மகளைத் தேடியது. கெசியா கடைசியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஷார்லட்டுக்கு அந்த வீட்டுச் சூப்புப் பானை நினைவுக்கு வந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

அதற்குள் காவல்காரர்கள் வந்துவிட்டார்கள். அடக்க நாளில் தகரம் தட்டினால் வராமல் இருப்பார்களா? கூட்டம் சந்து சந்தாகக் கலைந்தது. நடுத்தெருவில் கழுதையும் சேறு வழிகிற ஷார்லட்டும் மட்டும்.

"யார் உன்னை ஏத்தினது? பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறேன்" என்றான் தலைக்காவல்காரன்.

"யாரும் ஏத்தலை. நானா ஏறினேன்."

"நீயா? பின்பக்கம் பாத்துக்கிட்டா?"

"அந்தப் பக்கம்தானே லண்டன் இருக்கு? அடக்கத்தைப் பாத்து உக்காந்தேன். மரியாதை."

நீதவானுக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. ராணியின் அடக்கத்தை அவமதித்ததாக ஒரு மாசம் உள்ளே போட்டார். கறுப்பு மூட்டை பிராட்னாக்கிடமே போய்ச் சேர்ந்தது. உள்ளே பழங்கயிறு பிரிக்கிற வேலை. நகக்கண்ணெல்லாம் ரத்தம். தினம் ஒரு ரொட்டியும் தண்ணீர்க் கஞ்சியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டைனா ஜெயில் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். "அக்கா! பிராட்னாக் இறங்கி வந்துட்டான்! ஊர்க் கூலி! முழுசா! ஒரு தறிகூட ஓடலை அக்கா, ஒண்ணுகூட!" ஷார்லட் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் காவல்காரி ஓடி வந்தாள். வேறு எதையும் டைனா கத்தவில்லை.

விடுதலையான அன்று வாசலில் ஈனோக்கும் டைனாவும் வந்து நின்றார்கள். மகாராணி என்று யாரும் கூப்பிடவில்லை. ஈனோக் தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தான். டைனாவுக்குக் கேலி ஒன்றும் கிடைக்கவில்லை.

"என்னடா, இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?" என்றாள் ஷார்லட். அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். "அமோஸா?"

"தறி நின்ன ரெண்டாவது வாரம்" என்றான் ஈனோக். "எங்களால முடிஞ்சதைக் குடுத்தோம் அக்கா. எங்ககிட்டயும்..."

மகள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கெசியா தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். கட்டைகளில் கந்தல் இல்லை. சத்தம் தெருவுக்கே கேட்டது. ஊர்க் கூலிக் கறுப்பு. அவள் உடுத்தியிருந்தது பழைய மஞ்சள் கட்டம் போட்ட உடுப்பு. கட்டில் காலியாக இருந்தது.

ஷார்லட் வாசற்படியிலேயே நின்றாள். "கெசியா."

"வந்துட்டியா? அடுப்புல தண்ணி இருக்கு." கை நிற்கவில்லை.

"ஒரு கறுப்புகூடக் கட்டலையாடி அவனுக்கு?"

அப்போதுதான் தறி நின்றது. கெசியா திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"எங்க இருந்து கட்டறது? நீ சொன்னேன்னு தெருவே தறியை நிறுத்துச்சு. நானும் நிறுத்தினேன். பிராட்னாக் எங்ககிட்ட இருந்த கறுப்பு நூலை எல்லாம் திருப்பி வாங்கிப் பூட்டிட்டான். கடையில வாங்கக் காசு இல்ல. முகம் தெரியாத ராணிக்கு ஊரே கறுப்பு கட்டிக்கிட்டுத் திரியுது. எம் புருஷனுக்கு ஒரு முழம் கட்ட எனக்கு வழியில்ல. இந்த மஞ்சளோடதான் கல்லறைக்குப் போனேன். நான் நெய்ஞ்சிருந்தா ஒரு வாய் சூப்பாவது குடிச்சுட்டுப் போயிருப்பாரு. நீ ஜெயிச்சுட்டே அம்மா. ஊர்க் கூலி வந்துடுச்சு. போதுமா?"

மன்னித்துக்கொள் என்று கேட்கிற பழக்கம் ஷார்லட்டுக்கு இல்லை. கேட்டிருந்தாலும் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நேராகத் தறிக்குப் போய், சட்டத்தில் தொங்கின கத்தரிக்கோலை எடுத்தாள்.

முதலாளியின் பட்டில் ஒரு விரல் அளவு எடுத்தாலும் அது திருட்டு. நெசவுக்காரிகளுக்கு அதற்குத்தான் பெரிய ஜெயில். தறியில் ஏறின துண்டில் நெய்தவள் கையாலேயே கத்தரி வைத்ததாக அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஷார்லட் நெய்து சுற்றியிருந்த கறுப்பை இழுத்து, ஒரு கை நீளத்துக்கு அறுத்தாள்.

"அம்மா! என்ன பண்றே? அவன் அளந்து பாப்பான்!"

"அளக்கட்டும். கையை நீட்டு."

"உன்னை மறுபடி உள்ள போடுவாங்க."

"போடட்டும். நான்தான் அறுத்தேன்னு சொல்லு. கையை நீட்டுடின்னா!"

கெசியா நீட்டினாள். மஞ்சள் சட்டைக்கு மேலே, முழங்கைக்குச் சற்று மேல், கயிறு பிரித்துப் புண்ணான விரல்களால் ஷார்லட் அந்தக் கறுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். மகளின் தோள் அப்போதுதான் குலுங்க ஆரம்பித்தது. ஷார்லட் அதைப் பார்க்கவில்லை. மறுபடி தறிப்பக்கம் திரும்பிக் கத்தரியைத் திறந்தாள்.

"பிள்ளைங்க எங்கடி? ரெண்டு பேரையும் கூப்பிடு. அவங்களுக்கும் வேணும்."